முதல் வருஷத்தில் ஒரு லட்சம்: ரிமோட் ரேஸ் காரின் கணக்கு

சேத்துப்பட்டு மாதா கோயில் திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக் கவருக்குள் தொங்கும் ரிமோட் காரைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நேராகப் போகும். பின்னால் வரும்போது தானாக வளையும். இரண்டாம் நாள் ஆன்டெனா உடையும். மூன்றாம் நாள் தெருப் பசங்க மோட்டாரைக் கழற்றி ஃபேன் செய்துவிடுவார்கள். அதோடு அந்தக் காரின் ஆயுசு முடிந்தது.

இங்கே சொல்லப்போவது அந்தக் காரைப் பற்றி அல்ல. அதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு. ஆர்.சி. கார் என்பார்கள். ரேடியோ கன்ட்ரோல் என்பதன் சுருக்கம். டப்பாவில் பாகம் பாகமாக வரும். வாங்கியவர் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து உட்கார்ந்து தானே பூட்ட வேண்டும். ஸ்டீயரிங் எவ்வளவு திருப்பினாலும் அவ்வளவுதான் திரும்பும், வேகமும் அப்படியே. உடைந்தால் உடைந்த பாகத்தை மட்டும் கடையில் வாங்கி மாட்டலாம். இதை வைத்துப் பந்தயம், சங்கம், உலகக் கோப்பை எல்லாம் நடக்கிறது. பழைய மாடல்களுக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பழைய கார் என்றாலே சேகரிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இது மொத்தம் எத்தனை வந்தது?" காமர்ஸ் படிக்கிறவர்களுக்கும் அதே கேள்விதான் முக்கியம், காரணம்தான் வேறு. எத்தனை வந்தது என்பதை வைத்துத்தான் ஒரு பொருள் ஏன் பிறந்தது, ஏன் செத்தது, ஏன் சில சமயம் மறுபடி எழுந்து வந்தது என்று புரியும்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. ரேடியோ அலையால் ஒரு பொருளை ஓட்டிக்காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க்கில், ஒரு சின்னப் படகை. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய கார் வர இன்னும் அறுபத்தெட்டு வருஷம் ஆனது. இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா ஊரில் இருந்த எலெத்ரோனிகா ஜோகாத்தோலி என்ற கம்பெனி (சுருக்கமாக எல்-ஜி, நம்ம வீட்டு டிவி எல்.ஜி. இல்லை!) 1966-ல் ஃபெராரி 250 எல்.எம். காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து விற்றது. அந்த டிசம்பரிலேயே லண்டன் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்து ஜப்பானில் கியோஷோ 1970-ல் டாஷ் 1 என்று எட்டில் ஒரு பங்கு அளவு எஞ்சின் காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து மார்டேவ் கம்பெனியும் அதே காலத்தில் இறங்கியது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே 1960-களின் நடுவில் ஸ்லாட் கார் என்ற பைத்தியம் பிடித்திருந்தது. பள்ளம் வெட்டிய டிராக்கில் கரன்ட் பாய்ச்சி ஓட்டும் கார். ஊர் ஊராக டிராக் திறந்தார்கள். சில வருஷத்தில் அத்தனையும் மூடினார்கள். கையில் சரக்கும் தெரிந்த தொழிலும் மிச்சமிருந்த கம்பெனிகள் ரேடியோ கார் பக்கம் திரும்பின. அசோசியேட்டட் எலக்ட்ரிக்ஸ் அப்படி வந்ததுதான்.

இந்த முதல் தலைமுறைக் கார்களில் பெரும்பாலானவை மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின் கார்கள். தெருவில் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அவ்வளவு சத்தம். எஞ்சினை டியூன் செய்யத் தெரிய வேண்டும். எரிபொருள் தேடிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலி பார்க்கிங் இடத்தில் கூடும் பெரியவர்களின் விளையாட்டு அது. கம்பெனிகளும் அதற்கேற்றபடி சின்னதாகவே இருந்தன. பொதுவாக அலுமினியத் தகட்டை வெட்டி சேஸிஸ் செய்வார்கள். பத்துக் கார் செய்தாலும் நூறு கார் செய்தாலும் ஒரு காருக்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் வராது.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது 1976. அதற்கு ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துக்குப் போக வேண்டும்.

ஷிசுவோகாவை ஆரணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர், ஒரு தொழில். ஆரணியைச் சுற்றித் தறிச் சத்தம் மாதிரி, அங்கே மாடல் பொம்மை. டாமியா, அவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் அந்த ஊர்க் கம்பெனிகள்தான். அடிப்படையில் அது மரவேலை ஊர். டாமியாவும் 1946-ல் யோஷியோ டாமியா தொடங்கிய மரக்கடைதான். பிறகு மரத்தில் கப்பல், விமான மாடல் செய்தார்கள். 1951-ல் தீ விபத்தில் மரமெல்லாம் எரிந்து போனது. 1953-ல் மர வியாபாரத்தை விட்டுவிட்டு மாடல் மட்டும் போதும் என்று முடிவெடுத்தார்கள்.

அடுத்த அடி 1960-ல். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மாடல்கள் வந்து மர மாடல்களை ஓரங்கட்டின. சரி, நாமும் பிளாஸ்டிக் செய்வோம் என்று யமாட்டோ போர்க்கப்பலை 1/800 அளவில் செய்தார்கள். அதே கப்பலைப் போட்டிக் கம்பெனி இன்னும் குறைந்த விலைக்குக் கொண்டுவந்துவிட்டது. டாமியாவும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. மோல்டுக்குப் போட்ட காசு திரும்பவில்லை.

இந்த மோல்டு என்ற சமாச்சாரம்தான் இந்தக் கட்டுரையின் ஹீரோ (வில்லனும் அதுவே). பிளாஸ்டிக் பாகம் செய்ய எஃகில் அச்சு வெட்ட வேண்டும். அதற்குச் செலவு பயங்கரம். அச்சு ஒருமுறை தயாராகிவிட்டால் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிக்கொண்டே போகலாம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஆகும் செலவு கொஞ்சம்தான்.

பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். புது டிசைன் போட வேண்டுமென்றால் ஜக்கார்டுக்கு அட்டை அடிக்க வேண்டும். டிசைன் வரைகிறவருக்குக் கூலி, அட்டை குத்துகிற கூலி, தறியில் ஏற்றிச் சரி பார்க்கும் நாள் எல்லாம் ஒரு சேலை நெய்தாலும் அதேதான், நூறு சேலை நெய்தாலும் அதேதான். அதனால்தான் ஓடாத டிசைன் வீட்டையே கவிழ்த்துவிடும். ஓடுகிற டிசைனை அட்டை கிழிகிற வரை விடமாட்டார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. மோல்டுக்கு ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் டப்பா விற்றால் ஒவ்வொரு டப்பாவின் தலையிலும் ஆயிரம் ரூபாய் மோல்டு செலவு. ஒரு லட்சம் விற்றால் நூறு ரூபாய். புத்தகத்தில் நிலைச் செலவு, பிரேக் ஈவன் என்று படம் போட்டு இருபது மார்க்குக்குக் கேட்பார்களே, அதேதான்.

யமாட்டோவில் அடிவாங்கிய டாமியா அடுத்து 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மன் பேந்தர் டாங்கியைச் செய்தது. அதில் ஒரு சுவாரஸ்யம். அந்த டாங்கியின் அளவு 1/35. அது என்ன கணக்கு, முப்பத்தஞ்சில் ஒன்று? ஒரு கணக்கும் இல்லை. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற மாதிரி உடம்பைச் செய்தார்கள், பிறகு அளந்து பார்த்தார்கள், ஏறக்குறைய 1/35 வந்தது! இன்று உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு அதுதான் வழக்கமான அளவு. டாங்கி நன்றாக விற்று கம்பெனியை நிமிர்த்தியது.

இப்போது 1976. யோஷியோவின் மகன் ஷுன்சாகு டாமியாவின் காலம். போர்ஷே 934 என்ற ரேஸ் காரை 1/12 அளவில் அச்சு அசலாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. ஓடாத மாடல்தான், அலமாரியில் வைத்துப் பார்க்க. ஜெர்மனிக்குப் போய்ப் போர்ஷே கம்பெனியில் போட்டோ எடுத்தார், அளவு எடுத்தார். அதுவும் போதவில்லை. கடைசியில் நிஜமான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, ஷிசுவோகாவில் வைத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றியதை அவர்களால் மறுபடி பூட்ட முடியவில்லை. போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைத்துத்தான் பூட்டினார்கள். (தெருவில் மோட்டாரைக் கழற்றும் பசங்களை இனிமேல் யாரும் திட்டாதீர்கள்.)

கார் வாங்கிய காசு, பயணக் காசு, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெரிய அளவு மோல்டுகளின் காசு. அலமாரி மாடலை மட்டும் விற்று இத்தனையையும் எடுப்பது நடக்கிற காரியமில்லை. அப்போதுதான் அந்தப் பழைய டாங்கி யோசனை வேறு உருவில் திரும்பி வந்தது. போர்ஷேயின் பாடி மோல்டு கையில் இருக்கிறது, அதற்கான காசு ஏற்கெனவே போயாச்சு. அடியில் ஒரு எளிமையான சேஸிஸ், மோட்டார், பேட்டரி, ரேடியோ வாங்கி வைத்துக்கொள்ள இடம் மட்டும் செய்தால் அதே பாடியை இரண்டாம் முறை விற்கலாம்! 1/12 அளவில் உள்ளே இடமும் தாராளம்.

அப்படி 1976 டிசம்பரில் வந்தது போர்ஷே டர்போ ஆர்.எஸ்.ஆர். 934, டாமியாவின் முதல் ரேடியோ கார். டப்பா எண் 58001. முதல் வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஒரு நாளைக்கு சராசரி 270-க்கும் மேல். எஞ்சின் கார் உலகத்தில் அதுவரை யாரும் கனவிலும் நினைக்காத எண்ணிக்கை இது. அதுவும் டப்பாவில் ரேடியோ கிடையாது, பேட்டரி கிடையாது, சார்ஜர் கிடையாது. எல்லாம் தனித்தனியே வாங்க வேண்டும். அவ்வளவு செலவு செய்து ஒரு லட்சம் பேர் வாங்கினார்கள் என்றால் அதற்கு நேரமும் ஒத்துழைத்தது. 1975-ல் தொடங்கிய ஒரு கார் ரேஸ் காமிக்ஸ் தொடரால் ஜப்பான் பையன்களுக்கு சூப்பர் கார் மோகம் தலைக்கேறியிருந்தது. 1976 அக்டோபர் 24-ல் ஜப்பான் மண்ணில் முதல் ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப் பந்தயம், ஃபுஜியில். ஜேம்ஸ் ஹன்ட் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிக்கி லாடாவை முந்திப் பட்டம் வாங்கினாரே, அதே பந்தயம். இரண்டு மாதம் கழித்துக் கடையில் போர்ஷே. எலக்ட்ரிக் மோட்டார் என்பதால் சத்தமில்லை, எண்ணெய் நாற்றமில்லை. வீட்டு வாசலிலேயே ஓட்டலாம். அடுத்த வருஷமே அந்த ஃபுஜி பந்தயத்தில் இரண்டாவதாக வந்த ஆறு சக்கர டிரெல் பி34-ஐயும் ரேடியோ காராக்கிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த போர்ஷே நல்ல ரேஸ் கார் இல்லை. ரேஸ் ஓட்டுகிறவர்கள் வளைந்து கொடுக்கும் பாலிகார்பனேட் பாடி போடுவார்கள், முட்டினால் மடங்கி நிமிரும். போர்ஷேயின் பாடி அலமாரி மாடலுக்கான கெட்டிப் பிளாஸ்டிக். சுவரில் முட்டினால் சில்லு. பாடி உடைந்தால் என்ன? புதுப் பாடி தனியாகக் கடையில் இருக்கிறது. மோல்டுக்கு அதுவும் வேலைதான்!

சேகரிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதிகம் தயாரான கார் இன்று அதிகம் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓட்டுவதற்காக விற்றது ஓடி உடைந்தது. உடையாத பழைய போர்ஷே பாடி என்றால் யாரோ ஓட்டாமல் பரணில் போட்டது என்று அர்த்தம். இன்னொரு ஏமாற்றம் டப்பா எண். 58001 என்பதை உற்பத்தி வரிசை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மாடலின் எண். அதை வைத்து எத்தனை கார் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் எவ்வளவு வேகமாகப் புது மாடல் போட்டார்கள் என்று பார்க்கலாம். 1979-ல் 58015-ம் 58016-ம் வந்துவிட்டன. 1988-ல் 58072. பன்னிரண்டு வருஷத்தில் எழுபத்திரண்டு எண்கள், வருஷத்துக்கு ஆறு.

அந்த 58015, 58016 இரண்டும் முக்கியமானவை. ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர். தார் ரோட்டை விட்டு மண்ணில் ஓடும் பக்கி கார்கள். நிஜ ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் சஸ்பென்ஷன் எப்படியோ அப்படியே சின்னதாக, உலோக வார்ப்பில் செய்திருந்தார்கள். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் உலோகம் கனம், செலவு. 1980-களில் டாமியா கணக்குப் பார்த்துப் பிளாஸ்டிக் சேஸிஸுக்குத் தாவியது. 1983-ல் ஃப்ராக், 1984-ல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட். தவளை, வெட்டுக்கிளி, குளவி... பெயர் வைத்தவர் வயல்வெளியில் உட்கார்ந்திருப்பார் போல.

கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் ஒரே அடித்தளம். ஒன்றில் சின்ன 380 மோட்டார், இன்னொன்றில் பெரிய 540. பாடியும் மாறும், சில பாகங்கள் மாறும், மீதி அதே மோல்டு. ஒரே பாவில் முந்தானையை மட்டும் மாற்றி இரண்டு விலைக்குச் சேலை விற்பது மாதிரி. விலை இறங்கியது, பூட்டுவதும் சுலபம், பள்ளிக்கூடப் பையன்கள் கைக்கு வந்தது. டாமியாவின் எல்லாக் காலத்து அதிக விற்பனைக் கார்களில் இந்த இரண்டும் இருக்கின்றன.

அதே 1984-ல் அமெரிக்காவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்ஸ் ஆர்.சி.10 என்ற காரை இறக்கியது. தங்க நிறம் பூசிய அலுமினிய சேஸிஸ். பொம்மை மாதிரியே இருக்காது, ரேஸுக்கென்றே பிறந்தது. 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் ஆஃப்-ரோடு உலக சாம்பியன்ஷிப்பில் இரு சக்கர இயக்கப் பிரிவை ஆர்.சி.10-ல் ஜெயித்தவர் ஜே ஹால்சி. ஹார்னெட் அதன் பக்கத்தில் நின்றால் குதிரை முன் கழுதைதான். ஆனால் அதற்கு முந்திய கேள்வி, அந்த மைதானத்துக்குக் கூட்டம் எங்கிருந்து வந்தது? நிறையப் பேருக்கு முதல் கார் ஒரு டாமியா. அதை உடைத்து, பூட்டி, இன்னும் வேகம் வேண்டும் என்று அலைந்தவர்கள்தான் ஆர்.சி.10 வாங்கினார்கள். ஒரு லட்சக் கணக்கு இல்லாமல் உலகக் கோப்பைக் கணக்கு வந்திருக்காது.

டாமியாவும் ஒருமுறை ரேஸ்காரர்களுக்காக முழு மூச்சில் இறங்கிப் பார்த்தது. அதுதான் 58072, அவான்டே, 1988. நான்கு சக்கர இயக்கம், விலையுயர்ந்த பாகங்கள். விலையும் அதற்கேற்றபடி எகிறியது. உடனே அதே அமைப்பில் செலவைக் குறைத்து வான்குவிஷ் என்று ஒன்றை இறக்கினார்கள். போட்ட முதலை இன்னொரு டப்பாவில் வைத்து விற்கிற அந்தப் பழைய போர்ஷே புத்திதான்.

நம்ம ஊருக்கு இந்தக் கார்கள் அப்போது ஏன் வரவில்லை என்று கேட்கலாம். 1980-களில் இந்தியாவுக்குள் நுகர்பொருள் இறக்குமதி என்பதே கிட்டத்தட்ட மூடிய கதவு. வெளிநாட்டிலிருந்து வரும் மாமா பெட்டியில் எடுத்துவந்தால் உண்டு, சென்னை பர்மா பஜாரில் தேடினால் ஏதாவது உண்டு. கடைசி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2001 ஏப்ரலில். அதற்குப் பிறகு வெள்ளமாக வந்தது சீனத்துத் திருவிழாக் கார். பாகம் தனியாகக் கிடைக்கும் கார் எஞ்சினியரிங் காலேஜ் விழாக்கள் வழியாகத்தான் பிறகு மெதுவாக நுழைந்தது. அதுவரை இங்கே பசங்க ஓட்டியது நுங்கு வண்டி. அதற்கு மோல்டு செலவு சுத்தமாகக் கிடையாது, பனைமரம் போட்டுவிடும்.

எஃகு அச்சுக்கு ஒரு குணம். எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்தால் இருபது வருஷம் கழித்தும் வேலை செய்யும். 1980-களில் ஹார்னெட் கேட்டு அழுத பையன்கள் 2000-களில் சம்பளக்காரர்கள் ஆகியிருந்தார்கள். 2004-ல் டாமியா ஹார்னெட்டை மறுபடி வெளியிட்டது. பழைய எண் 58045, புது எண் 58336. 2005-ல் கிராஸ்ஹாப்பர், லன்ச் பாக்ஸ், ஃப்ராக் என்று வரிசையாக வந்தன. பிரிக்காத பழைய டப்பாவைப் பொன்முட்டை மாதிரி அடைகாத்தவர்களுக்கு அந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள் அல்ல. கையில் இருந்த அபூர்வம் கடையில் புதுசாகக் கிடைக்க ஆரம்பித்தால் யார் பழைய விலை கொடுப்பார்கள்?

பிளாஸ்டிக் கார்கள் சீக்கிரம் திரும்பின. உலோக வார்ப்புக் கார்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ரஃப் ரைடர் 2009-ல் பக்கி சேம்ப் என்ற பெயரில் வந்தது, சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-ல். உலோகப் பாகங்களோடேதான் வந்தன. அவான்டே 2011. போட்டிக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை, ஆர்.சி.10 2013-ல், கியோஷோவின் 1982 ஸ்கார்பியன் 2014-ல். அதனால் இன்று ஒருவர் "என்னிடம் ஒரிஜினல் ஹார்னெட் இருக்கிறது" என்றால் அடுத்த கேள்வி எந்த வருஷத்து ஒரிஜினல் என்பதுதான்.

ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில் தொண்ணூறாவது வயதில் காலமானார். ஹார்னெட்டும் கிராஸ்ஹாப்பரும் அப்போதும் டாமியா கேட்லாகில் இருந்தன.